வராதவருக்காக 90 விநாடி: புது டிஸ்க்கில் லினக்ஸ் மெதுவான கதையும் சில விமர்சனங்களும்

வீட்டில் இருக்கும் பழைய கணினிக்கு எஸ்எஸ்டி மாத்தணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். ஹார்ட் டிஸ்க் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சதும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். லினக்ஸை மறுபடி நிறுவாமல், இருப்பதை அப்படியே புது டிஸ்க்குக்கு நகர்த்துவது திட்டம். நகர்த்தியாச்சு. பூட் ஆச்சு. எல்லாக் கோப்புகளும் பத்திரமாக இருந்தன. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் 55 விநாடியில் லாகின் திரை வந்துகொண்டிருந்த கணினி, புது எஸ்எஸ்டியில் 2 நிமிடம் 20 விநாடி எடுத்துக்கொண்டது.

காசு கொடுத்து மெதுவாக்கின மாதிரி ஆகிவிட்டது.

சிக்கலைத் தீர்க்க இரண்டு ராத்திரி போனது. தீர்வு என்னவோ இரண்டு வரி மாற்றம்தான். தப்பும் என்னுடையதுதான், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு ராத்திரியில் நான் போன தவறான வழிகள் எல்லாம் நானாகத் தேடிக்கொண்டவை இல்லை. லினக்ஸின் தொடக்க அமைப்பு தரும் கருவிகளே அந்தப் பக்கம் கைகாட்டின. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. லினக்ஸைத் திட்டுவது நோக்கம் இல்லை. பதினைந்து வருஷத்துக்கும் மேலாகத் தினமும் புழங்கும் ஒன்றை, உரிமையோடு குறை சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம்: டிஸ்க்கே மோசமா?

எனக்கு முதலில் தோன்றியது, கடையில் ஏமாற்றிவிட்டார்களோ என்பதுதான். பில்லைத் தேடி எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தவில்லை.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி விநாடி ஆகும். நமக்கு வேண்டிய தகவல் தட்டின் எந்த மூலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி, சும்மா காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுற்றும் கிடையாது, ஊசியும் கிடையாது. ஒரு சின்னத் துண்டைத் தேடி எடுக்க மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். கணினி தொடங்கும்போது நடப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பது. சுமாரான எஸ்எஸ்டிகூட இந்த வேலையில் ஹார்ட் டிஸ்க்கிடம் தோற்க வாய்ப்பில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. சாட்டா கேபிள் தளர்ந்திருந்தால் கர்னல் இணைப்பை மறுபடி மறுபடி அறுத்து இணைக்கும், வேகத்தையும் 6 ஜிகாபிட்டிலிருந்து 3, 1.5 என்று இறக்கிக்கொண்டே போகும். கர்னல் பதிவைப் பார்த்தேன். இணைப்பு 6 ஜிகாபிட்டில் உறுதியாக நின்றது. ஒரு பிழை வரிகூட இல்லை.

இன்னொரு தடயம் கண்ணெதிரிலேயே இருந்தது. கேபினெட்டின் முன்பக்கத்தில் டிஸ்க் வேலை செய்யும்போது மினுக்கும் ஒரு சின்ன விளக்கு இருக்குமே, அது அந்த இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி நேரம் அணைந்தே இருந்தது. டிஸ்க் திணறவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தது. இதை முதல் ராத்திரியே கவனித்திருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைகாட்டி தப்பாக இருந்தால்

இன்று பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் கணினியைத் தொடக்கி வைப்பது சிஸ்டம்டி. லென்னார்ட் போயட்டரிங்கும் கை சீவர்ஸும் 2010இல் தொடங்கிய திட்டம் இது. ஃபெடோரா 2011இலும், டெபியனும் உபுண்டுவும் 2015இலும் இதற்கு மாறின. அதற்கு முன்பு இருந்த பழைய முறையில் சேவைகள் வரிசையாக, ஒன்று முடிந்து அடுத்தது என்று தொடங்கும். சிஸ்டம்டி எதையெல்லாம் ஒரே நேரத்தில் தொடக்க முடியுமோ அதையெல்லாம் தொடக்கிவிட்டு, எது எதற்குப் பின் வர வேண்டும் என்ற சார்புகளை மட்டும் பார்த்துக்கொள்ளும். நல்ல யோசனை. வேகமும் கூடியது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கூடவே ஒரு அளவீட்டுக் கருவியும் வருகிறது: சிஸ்டம்டி-அனலைஸ். "பூட் மெதுவா இருக்கு" என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது, "சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் போட்டுப் பாத்தீங்களா?" என்பதுதான். பிளேம் என்றால் பழி சுமத்துதல். ஒவ்வொரு சேவையும் தொடங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்திக் காட்டும். முதலில் இருப்பவர்தான் குற்றவாளி என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

என் பட்டியலில் மேலே இருந்தது நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன். அடுத்து பிளைமவுத்-குவிட்-வெயிட். கீழே அச்சுப்பொறி, ப்ளூடூத், நெட்வொர்க்கில் இருக்கும் சாதனங்களைத் தேடும் அவாஹி என்று வரிசையாகப் போனது. வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனைப்படி ஒவ்வொன்றாக முடக்கினேன். ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம், கையில் ஸ்டாப்வாட்ச். 2 நிமிடம் 20. மறுபடி 2 நிமிடம் 20. ஒரு விநாடிகூட அசையவில்லை.

அடுத்த நாள் காலையில் மகள் பள்ளி ப்ராஜெக்டை பிரிண்ட் எடுக்கப் போனாள். பிரிண்டரே காணோம். வைஃபையில் இருக்கும் அந்தப் பிரிண்டரைக் கண்டுபிடித்துத் தருவதே நான் முந்தின ராத்திரி முடக்கிவைத்த அவாஹிதான். "அப்பா, நீங்க சரி பண்றேன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது யோசித்தால் அந்தப் பட்டியலின் முதல் இரண்டு பெயர்களுமே சிரிப்பை வரவழைக்கின்றன. இரண்டின் பெயரிலும் வெயிட் என்ற சொல் இருக்கிறது. பிளைமவுத் என்பது தொடக்கத்தில் லோகோவைக் காட்டும் நிரல். பிளைமவுத்-குவிட்-வெயிட்டின் ஒரே வேலை, அந்த லோகோ திரை எப்போது விலகும் என்று காத்திருப்பது. மற்றவர்கள் தாமதமானால் அதுவும் தாமதமாகும், அதற்கென்று சொந்தத் தாமதம் எதுவும் கிடையாது. நெட்வொர்க்கிற்காகக் காத்திருக்கும் சேவையும் அப்படித்தான். நெட்வொர்க் வழியாகக் கோப்புறை ஏற்றுவது போன்ற தேவை இல்லாத வீட்டுக் கணினியில் லாகின் திரை பொதுவாக அதற்காக நிற்பதில்லை. அது ஒரு ஓரமாக நின்று காத்துக்கொண்டிருக்கும், நாம் அதற்குள் உள்ளே போய் வேலையை ஆரம்பித்திருப்போம்.

பிளேம் கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஒரு சேவை இன்னொன்றுக்காகக் காத்திருப்பதாலேயே மெதுவாகத் தெரியலாம், எனவே இந்தப் பட்டியல் தவறாக வழிகாட்டக்கூடும் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நேர்மையான எச்சரிக்கைதான். ஆனால் ஒரு கருவிக்குப் "பழி" என்று பெயர் வைத்துவிட்டு, பழி சுமத்தாதீர்கள் என்று கையேட்டில் எழுதினால் எத்தனை பேர் படிப்பார்கள்? பெயரைத்தான் எல்லாரும் படிக்கிறோம்.

பட்டியலில் இல்லாதவர்

உண்மையான காரணத்துக்கு வருகிறேன்.

டிஸ்க்கை நகர்த்தியபோது ரூட் பார்ட்டிஷனை அப்படியே நகலெடுத்தேன். ஸ்வாப் பார்ட்டிஷனை மட்டும் நகலெடுக்கவில்லை. நினைவகம் நிரம்பும்போது வழிந்ததைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் இடம்தானே ஸ்வாப், அதில் காப்பாற்ற என்ன இருக்கிறது? எனவே புது டிஸ்க்கில் எம்கேஸ்வாப் கட்டளை கொடுத்துப் புதிதாகவே உருவாக்கினேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

இங்கேதான் கோட்டைவிட்டேன். எம்கேஸ்வாப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு யூயூஐடி கொடுக்கும். யூயூஐடி என்பது 128 பிட் அடையாள எண். திரையில் 32 பதினறும இலக்கங்களாக, நடுவில் நான்கு கோடுகளுடன் தெரியும். தொடக்கத்தில் எந்தெந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்ற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருந்ததோ பழைய ஸ்வாப்பின் யூயூஐடி. ஆக, நான் தூக்கிப்போட்ட ஸ்வாப்பின் உள்ளே காப்பாற்ற வேண்டிய ஒரே தகவல் இருந்தது. அதன் பெயர்.

சிஸ்டம்டி எஃப்எஸ்டேப்பைப் படித்தது. இந்த எண் கொண்ட சாதனம் வர வேண்டும் என்று குறித்துக்கொண்டது. காத்திருந்தது. இயல்பான கெடு 90 விநாடி. அட்டைப்பெட்டியில் இருக்கும் டிஸ்க் எப்படி வரும்? 90 விநாடி முடிந்ததும் கைவிட்டுவிட்டு மேலே போனது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண டேட்டா பார்ட்டிஷன் ஒன்று வராமல் போயிருந்தால், விசேஷக் குறிப்பு எதுவும் கொடுக்காத பட்சத்தில், சிஸ்டம்டி தொடக்கத்தையே நிறுத்தி அவசர நிலைக்குப் போய்விடும். கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறுவோம், ஆனால் எங்கோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். ஸ்வாப் வராவிட்டால் அப்படி நிற்காது, பரவாயில்லை என்று போய்விடும். அதனால் பயனருக்குத் தெரிவது "மெதுவாக இருக்கிறது" என்பது மட்டும்தான். "ஒன்று உடைந்திருக்கிறது" என்று தெரிவதே இல்லை. அந்த வாரம் முழுக்க என் கணினி ஸ்வாப் இல்லாமல் ஓடியிருக்கிறது. நினைவகமோ 4 ஜிபிதான். பிரவுசர் இரண்டு முறை சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. அந்தப் பழியையும் டிஸ்க் மேலேயே போட்டேன்.

இப்போது பிளேம் பட்டியலுக்குத் திரும்புவோம். 90 விநாடி காக்கவைத்த அந்தச் சாதனம் பட்டியலில் எத்தனையாவது இடம்? இடமே இல்லை. அந்தப் பட்டியல் தொடங்கியவர்கள் தொடங்க எடுத்த நேரத்தைக் காட்டுவது. வராமலே போன சாதனம் தொடங்கவே இல்லையே, அதற்கு ஏது நேரம்?

அலுவலக கேட்டில் செக்யூரிட்டி ஒரு நோட்டு வைத்திருப்பார். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவார். ஒருநாள் மீட்டிங் ஒன்றரை மணிநேரம் தாமதமாகத் தொடங்குகிறது என்று வையுங்கள். மேனேஜர் நோட்டை வரவழைத்துப் பார்க்கிறார். பத்து நிமிடம் தாமதம், பதினைந்து நிமிடம் தாமதம் என்று சிலர் பெயர் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு டோஸ் விடுகிறார். ஆனால் எல்லாரும் காத்திருந்தது அன்று வேலைக்கே வராத ஒருவருக்காக. அவர் கேட்டைத் தாண்டவே இல்லை என்பதால் நோட்டில் அவர் பெயர் இல்லை. பிளேம் செய்வது இதைத்தான்.

இன்னொரு துணைக்கட்டளை கிரிட்டிகல்-செயின். எது எதற்காகக் காத்தது என்ற சங்கிலியைக் காட்டும். பிளேமை விட இது எவ்வளவோ மேல். அதில் பார்த்தபோது ஒரு வரி 1 நிமிடம் 31 விநாடி என்றது. அதன் கீழே அடுத்த வரி 2 விநாடி. நடுவில் யாரும் இல்லை. அந்த இடைவெளிதான் விடை. ஆனால் இடைவெளியைப் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது விடை. எனக்கு அது ஏதோ காட்சிக் கோளாறு மாதிரிதான் முதலில் பட்டது.

கடைசியில் காப்பாற்றியது ஜர்னல் பதிவு. அந்த பூட்டின் பதிவை முழுக்க எடுத்து நேரவாரியாகப் படித்துக்கொண்டு போனால், இன்ன எண் கொண்ட சாதனத்துக்காகக் காத்துக் கெடு முடிந்தது, அதைச் சார்ந்த ஸ்வாப் தோற்றது என்று இரண்டு வரிகள் இருந்தன. எஃப்எஸ்டேப்பில் எண்ணை மாற்றினேன். மறுதொடக்கம். 50 விநாடி.

மீதி 30 விநாடி

90 விநாடி போய்விட்டது, சரி. ஆனால் எஸ்எஸ்டிக்கு 50 விநாடியும் அதிகம்தான். மறுபடி சிஸ்டம்டி-அனலைஸ். இந்த முறை மொத்தக் கணக்கைப் பார்த்தேன். ஃபர்ம்வேரும் பூட்லோடரும் சேர்த்து 9 விநாடி, அதில் 5 விநாடி கிரப் மெனுவுக்கு. யூசர்ஸ்பேஸ் 7 விநாடி. கர்னல் 34 விநாடி!

கர்னலுக்கு 34 விநாடியா? கர்னலில் ஏதோ பெரிய வில்லங்கம் என்று நினைத்து, பழைய கர்னல் பதிப்பைத் தேர்ந்தெடுத்து பூட் செய்தேன். அதே 34. இங்கேயும் கைகாட்டி தப்பு.

கர்னல் எழுந்ததும் உண்மையான ரூட் பார்ட்டிஷனை ஏற்றுவதற்கு முன் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தற்காலிகக் கோப்பு முறைமை ஒன்று நினைவகத்தில் ஓடும். நான் வைத்திருப்பது போன்ற டெபியன் வழி வந்த விநியோகங்களில் வழக்கமாக அது ஷெல் ஸ்கிரிப்டுகளின் தொகுப்பு. அதற்குள் சிஸ்டம்டி இருக்காது, அதனால் அங்கே கழியும் நேரத்தைத் தனியாகப் பிரிக்க சிஸ்டம்டிக்கு வழி இல்லை. மொத்தத்தையும் கர்னல் கணக்கில் எழுதிவிடும். கர்னல் செய்த வேலை 4 விநாடிதான். மீதி 30 விநாடி அந்த ஸ்கிரிப்டு ஒன்றின் காத்திருப்பு.

எதற்காக? அதே ஸ்வாப்புக்காக. கணினி போன முறை ஹைபர்னேட் ஆகியிருந்தால் நினைவகத்தின் நகல் ஸ்வாப்பில் இருக்கும். அதிலிருந்து மீள வேண்டுமா என்று பார்க்க ஸ்கிரிப்டு அந்தப் பார்ட்டிஷனைத் தேடுகிறது. அதற்கான யூயூஐடி இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புகளில் ரெஸ்யூம் என்ற தனிக் கோப்பில், நிறுவும்போதே எழுதப்பட்டுவிட்டது. எஃப்எஸ்டேப்பை மாற்றியதால் இது மாறாது. மாற்றினாலும் போதாது, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்ட வேண்டும். கட்டினேன். மறுதொடக்கம். 20 விநாடி.

அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒன்று புரிந்தது. ரெஸ்யூம் கோப்பில் பழைய எண் இருக்கும்போது இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டினால், நீங்கள் கொடுத்த எண்ணுக்குப் பொருந்தும் ஸ்வாப் எதுவும் இல்லை என்று அந்தக் கருவியே ஒரு எச்சரிக்கை வரி அச்சிடும். ஆக, கணினிக்குத் தெரியும். ஆனால் அதை எப்போது சொல்கிறது? கர்னல் புதுப்பிப்பின்போது ஓடும் நூறு வரிகளுக்கு நடுவில் சொல்கிறது. 30 விநாடி நாம் திரையை முறைத்துக்கொண்டிருக்கும்போது அங்கே ஓடுவது லோகோ.

காத்திருப்பது தப்பா?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எதற்கு 90 விநாடி, இல்லாத டிஸ்க்கை இல்லை என்று உடனே சொல்ல முடியாதா என்று முதலில் கோபம் வந்தது. யோசித்தால், முடியாது. யூஎஸ்பி டிஸ்க் சுழன்று தயாராகச் சில விநாடி ஆகும். பெரிய ரெய்டு வரிசைகள் இன்னும் நேரம் எடுக்கும். எல்லாச் சாதனமும் வந்துவிட்டது, இனி யாரும் இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு கணம் இன்றைய வன்பொருளில் கிடையவே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் எதையும் செருகலாம் என்று ஆன பிறகு, இல்லாததும் இன்னும் வராததும் கர்னலின் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு கெடு வைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

யூயூஐடி மேலும் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பு எச்டிஏ1, எஸ்டிஏ1 என்று, கர்னல் எந்த வரிசையில் டிஸ்க்கைக் கண்டுபிடித்ததோ எந்தக் கேபிளில் மாட்டியிருக்கிறதோ அதுவே பெயராக இருந்தது. இன்னொரு டிஸ்க் செருகினால் பெயர்கள் இடம் மாறி, பூட்டே ஆகாது. அதைச் சரிசெய்யத்தான் யூயூஐடிக்கு வந்தார்கள். அந்த மாற்றம் சரியானதுதான்.

அதனால் என் விமர்சனத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். காத்திருக்கட்டும். ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று வாயைத் திறந்து சொல்.

சிஸ்டம்டி அறவே சொல்லாமல் இல்லை. லோகோ ஓடும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் பின்னால் செய்தி தெரியும். சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓட, ஒரு வேலை நடந்துகொண்டிருப்பதாகவும், எத்தனை விநாடி கழிந்தது, கெடு எவ்வளவு என்றும் காட்டும். ஆனால் சாதனத்தின் பெயர் என்ற இடத்தில் இருப்பது அந்த 32 இலக்க எண். சில பதிப்புகளில் கோட்டுக்குப் பதில் பின்சாய்வும் எண்களும் கலந்து இன்னும் விகாரமாக இருக்கும். இது ஸ்வாப்பா, டேட்டா பார்ட்டிஷனா? யார் கேட்டது? எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறது? எதுவும் இருக்காது. இத்தனைக்கும் எஃப்எஸ்டேப்பிலிருந்து சிஸ்டம்டி தானே உருவாக்கும் அலகுக் கோப்பில், இது எஃப்எஸ்டேப்பிலிருந்து வந்தது என்று மூலத்தையும் குறித்து வைக்கிறது. கையில் இருக்கும் தகவலைத்தான் சொல்லவில்லை. "எஃப்எஸ்டேப்பில் குறிப்பிட்ட ஸ்வாப் பார்ட்டிஷன் கிடைக்கவில்லை, டிஸ்க்கை மாற்றினீர்களா?" என்று பத்தாவது விநாடியில் ஒரு வரி காட்டியிருந்தால் என் இரண்டு ராத்திரியும் மகளின் பிரிண்டும் மிஞ்சியிருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. 2004இல் ஃபெடோரா தொடக்கம் ஏன் மெதுவாக இருக்கிறது என்று பார்க்க ஓவன் டெய்லர் ஒரு சவால் விடுத்தார். அதற்குப் பதிலாக ஜிகா மாஹ்கோவெட்ஸ் எழுதியது பூட்சார்ட். தொடக்கத்தில் நடப்பதையெல்லாம் ஒரே படமாக வரையும். எந்த நிரல் எப்போது ஓடியது என்பதோடு, மேலே சிபியுவும் டிஸ்க்கும் எவ்வளவு பிஸியாக இருந்தன என்றும் காட்டும். அந்தக் கோடு தட்டையாகக் கிடந்தால் யாரோ யாருக்காகவோ சும்மா காத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரியும். கேபினெட்டின் அந்தச் சின்ன விளக்கு எனக்குச் சொல்ல முயன்றதும் அதையேதான். 2008இல் இன்டெலின் அர்யன் வான் டி வென்னும் ஔகே கோக்கும் ஈ பிசி மடிக்கணினியில் லினக்ஸை 5 விநாடியில் தொடக்கிக் காட்டினார்கள். அவர்களும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை விநாடிதான் என்று பட்ஜெட் போட்டு, இந்த மாதிரிப் படங்களை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். சிஸ்டம்டி-அனலைஸிலும் பிளாட் என்று படம் வரையும் துணைக்கட்டளை இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஓட்டுவது பிளேமைத்தான். வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று கையில் கிடைத்தால் மேலே இருப்பவரை அடிக்கத்தான் கை போகிறது.

இன்னொரு குறை, ஒரே முகவரியைப் பல இடத்தில் எழுதி வைப்பது. ஸ்வாப்பின் யூயூஐடி எஃப்எஸ்டேப்பில் ஒன்று, ரெஸ்யூம் கோப்பில் ஒன்று, கட்டி முடித்த இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் ஒன்று, சில விநியோகங்களில் கிரப் வழியாகப் போகும் கர்னல் கட்டளை வரியில் இன்னொன்று. டேட்டாபேஸ் வேலை பார்க்கும் யாரும் ஒரே தகவலை நான்கு இடத்தில் வைக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்றை மாற்றி மூன்றை மறப்பது மனித இயல்பு. சிஸ்டம்டி குழுவினரே இதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணையில் ஸ்வாப்புக்கென்று ஒரு வகைக் குறியீடு உண்டு. அதைப் பார்த்தே, எஃப்எஸ்டேப்பில் எதுவும் எழுதாமலே, தானாகக் கண்டுபிடித்து ஏற்றிக்கொள்ள முடியும். அது பரவலானால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது. ஆனால் பெரும்பாலான நிறுவிகள் இன்னும் எஃப்எஸ்டேப்பில்தான் எழுதுகின்றன.

யாருக்காவது இதே நிலை வந்தால்

டிஸ்க் மாற்றிய பிறகு பூட் மெதுவானால், எந்தச் சேவையையும் முடக்காதீர்கள். முதலில் ஸ்வாப் ஓடுகிறதா என்று ஃப்ரீ கட்டளை போட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்றால் சந்தேகம் பாதி உறுதி. அடுத்து எல்எஸ்பிஎல்கே கட்டளையை -எஃப் விருப்பத்தோடு ஓட்டினால் இப்போது இருக்கும் பார்ட்டிஷன்களின் யூயூஐடிகள் வரும். எஃப்எஸ்டேப்பில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒப்பிடுங்கள். ரெஸ்யூம் அமைப்பையும் கிரப் வரியையும் மறக்காமல் பாருங்கள். மாற்றியதும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுங்கள், கிரப்பில் கை வைத்திருந்தால் அதையும் புதுப்பியுங்கள். எப்போதாவது மட்டும் மாட்டும் டேட்டா டிஸ்க்குகளுக்கு எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் என்று சேர்த்துவிட்டால் அதற்காகத் தொடக்கம் நிற்காது.

முழு டிஸ்க்கையும் டிடி கட்டளையால் பிட்டுக்குப் பிட் நகலெடுத்தவர்களுக்கு என் சிக்கல் வராது, யூயூஐடியும் கூடவே வந்துவிடும். அவர்களுக்கு நேர் எதிரான ஆபத்து: பழைய டிஸ்க்கையும் மாட்டியே வைத்திருந்தால் ஒரே எண்ணில் இரண்டு பார்ட்டிஷன். எது ஏற்றப்படும் என்று சொல்ல முடியாது. புது டிஸ்க்கில் வேலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பழையதில் எழுதிக்கொண்டிருப்போம். நகல் முடிந்ததும் பழையதைக் கழற்றிவிடுவது நல்லது.

முடக்கின சேவைகளை எல்லாம் திரும்ப இயக்கினேன். பிரிண்டர் திரும்பி வந்தது. தொடக்க நேரம் அதே 20 விநாடியில்தான் நிற்கிறது, அந்தச் சேவைகள் ஓடினாலும் ஓடாவிட்டாலும். நான் இரண்டு ராத்திரி குற்றவாளிகளாக நடத்திய எல்லாரும் நிரபராதிகள். கடை பில்லையும் கிழித்துப் போட்டாச்சு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எனக்கு ஜர்னல் பதிவைப் படிக்கத் தெரியும், அதனால் இரண்டு ராத்திரியில் முடிந்தது. தெரியாத ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்வார்? டிஸ்க் மட்டம் என்று கடையில் போய்ச் சண்டை போடுவார், இல்லை லினக்ஸே இப்படித்தான் என்று விட்டுவிட்டுப் போவார். இரண்டுமே நியாயம் இல்லை. ஆனால் அவரைத் தப்பு சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அவர் முன்னால் 2 நிமிடம் 20 விநாடி லோகோ மட்டும்தான் ஓடியது, வேறு யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.